ரம்ஜான் பீவியின் கட்டுரை எந்த இதழில் வெளிவந்தது?

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் கிடைத்தது. ஆற அமர யோசித்து எழுதியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், சொன்னால் பொய்யாகிவிடும். கீழக்கரையிலிருந்து ரம்ஜான் பீவி என்ற ஆய்வு மாணவி, தன் ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைத் திருத்தித் தரும்படி ராமநாதபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அறிவியல் படித்தவர்கள் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டி வந்தால், கதை எழுதுகிற யாரையாவது தேடிப் பிடிப்பது இங்கே வழக்கம். முதல் முறை வந்தபோது சுருக்கம் இருந்தது. அடுத்த முறை வெறுங்கையோடு வந்தாள். அதற்கு இனி வேலை இருக்காது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னாள். அழவில்லை. அவள் கிளம்பிப் போனபிறகு நான்தான் அடுக்களையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

கதை என்று வந்தால் பெயர்களை மாற்ற வேண்டும், மாற்றியிருக்கிறேன். ஊரையும் மாற்றிவிடு, வம்பு எதற்கு என்றார்கள். மாற்றவில்லை. இந்தக் கடலை எடுத்துவிட்டால் அவள் செய்த வேலையே இல்லாமல் போய்விடும்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

‘மாசி மாதத்துக் கீழக்கரைக் கடல் கண்ணாடி போல்…’

அடித்துவிட்டேன். கண்ணாடி போல் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்தவர்கள். பீவி அந்தக் கடலில் மார்பளவு தண்ணீரில், புர்காவுக்கு மேல் கட்டிய மிதவைச் சட்டையோடு ஆறு வருஷம் நின்றிருக்கிறாள். அவளிடம் போய்க் கண்ணாடி என்று சொன்னால் சிரிப்பாள்.

இரண்டாவது:

‘ரம்ஜான் பீவி நேர்மையானவள்.’

இதையும் அடித்தேன். கதையின் முதல் வரியில் ஒருத்தியை நேர்மையானவள் என்று சொன்னால், அவள் தலையில் எல்லோரும் மிளகாய் அரைக்கப்போகிறார்கள் என்று வாசகருக்குத் தெரிந்துபோகும்.

மூன்றாவது:

‘திரையின் மூலையில் அந்த வட்டம் பச்சையாக எரிந்தது.’

இது இருக்கட்டும். இங்கிருந்து தொடங்குகிறேன்.

2

வட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடும் இதழ்கள் உலகத்தில் எண்ணில் அடங்காமல் பெருகிவிட்டன. அவற்றில் படித்துப் பார்த்துப் போடுகிற இதழ்கள் உண்டு. பணம் வந்ததா என்று மட்டும் பார்த்துப் போடுகிறவையும் உண்டு. எது எந்த வகை என்று சொல்வதற்குக் குட்டிக் குட்டிக் கருவிகள் வந்திருக்கின்றன. பிரவுசரில் ஒரு தடவை சேர்த்துக்கொண்டால் போதும். பிறகு எந்த இதழின் பக்கத்தைத் திறந்தாலும் மூலையில் ஒரு வட்டம் தோன்றும். பச்சை என்றால் நம்பலாம். மஞ்சள் என்றால் விசாரித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் ஓடிவிட வேண்டும். சாம்பல் என்றால், இந்த இதழை எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

(* என் கதைகள் வெளிவந்த சிற்றிதழ்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் சாம்பல். அதற்காக நான் அந்தக் கருவிமேல் கோபப்படவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரைப் படித்தவர்களிடையே நான் அதிகம் பார்த்ததில்லை.)

பீவி ஓர் இணையவழிப் பயிலரங்கில் இந்தக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அன்றைக்கே தன் மடிக்கணினியில் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு அது உடனடித் தேவையாக இருந்தது. கடற்புல்லைப் பற்றிய ஆய்வு முடிந்துவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு கட்டுரையாவது நல்ல இதழில் வந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அவளுடைய பதிவுக் காலம் இந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. முடிந்தால் அத்தனையும் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. புருஷன் இர்பான் ஷார்ஜாவில். பெண் குழந்தை பீவியின் உம்மாவிடம் வளர்கிறது. மறுபடி முதலிலிருந்து என்பது அவள் விஷயத்தில் சும்மா ஒரு பேச்சு, நடக்கிற காரியமில்லை.

இதுதான் கதை. அவள் ஆறு வருஷம் தண்ணீரில் நின்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். அது அவள் பெயரில் உலகத்துக்குத் தெரிய வேண்டும். தெரியுமா, தெரியாதா? மற்றதெல்லாம் நான் கோபத்தில் பேசுவது.

3

நெறியாளர் காளீஸ்வரன். இவரை எழுதுவதில்தான் எனக்குத் தாள் அதிகம் வீணாயிற்று.

முதல் வரைவில் அவருக்குத் தொப்பை வைத்தேன். தங்க பிரேம் போட்ட கண்ணாடி மாட்டினேன். மாணவிகளைத் தன் வீட்டு விசேஷத்துக்குக் காய் நறுக்க அனுப்புகிறவர் என்று எழுதினேன். எழுத எழுத எனக்குச் சுகமாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் பீவியிடம் படித்துக் காட்டினேன். சார் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆள் ஒல்லி. கண்ணாடி கிடையாது. முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. யாரிடமும் காய் நறுக்கச் சொன்னதில்லை.

அதோடு விட்டாளா. துறையில் வேறு எந்தப் பேராசிரியரும் அவளை எடுத்துக்கொள்ளவில்லையாம். கைக்குழந்தைக்காரி, புருஷன் ஊரில் இல்லை, இவள் எப்படிக் கடலில் இறங்குவாள் என்று ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். காளீஸ்வரன் எடுத்துக்கொண்டார். முதல் நாள் தானே பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, சதுரச் சட்டத்தை அடிமணலில் எப்படி வைப்பது, அதற்குள் இருக்கும் புல்லை எப்படி எண்ணுவது என்று காட்டிக்கொடுத்தார். அவர் காட்டியபடிதான் இன்றைக்கும் எண்ணுகிறாள்.

இந்த நல்லதையெல்லாம் எழுத எனக்கு விருப்பமே இல்லை. ‘அவர்’ என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டால், அவள் ஏன் அந்த மனிதரை அப்படி நம்பினாள் என்பது உங்களுக்குப் புரியாது. நம்பாத ஒருவரிடம் ஏமாந்தால் அது கதையே இல்லை.

அந்தத் துறையில் ஒரு பழக்கம் உண்டு. மாணவர் கட்டுரை எழுதினால் நெறியாளர் பெயரைச் சேர்க்க வேண்டும். பிறகு துறைத் தலைவர். கல்லூரி முதல்வருக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருஷம் என்றால் அவரும். காளீஸ்வரனுடைய மனைவி வேறொரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறார். கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுக்கும் அந்த அம்மாள் பெயர், இறால் நோய் பற்றிய கட்டுரையிலும் நண்டின் ஓடு பற்றிய கட்டுரையிலும் இருக்கிறது. இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டால் என்ன ஆகும்? அந்த மாதிரிதான். பெயர் போடுவது ஒரு சம்பிரதாயம். தண்ணீரில் கால் நனைந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

(* இந்த ஒப்புமையை என் தம்பியிடம் சொன்னேன். தாய்மாமன் சீராவது செய்வார் என்றான்.)

காளீஸ்வரன் அவளுக்கு ஓர் இதழைச் சொன்னார். வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும் இதழ். இந்த வாரம் அனுப்பினால் அடுத்த வாரம் வெளிவந்துவிடும். அவருடைய கட்டுரைகளில் பெரும்பாலானவை அதிலும் அதன் சகோதர இதழ்களிலும்தான் வந்திருந்தன. பீவி வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வட்டம் சிவப்பு. சகோதர இதழ்களையும் திறந்தாள். சிவப்பு, சிவப்பு.

மறுநாள் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த இதழில் போட்டால் பின்னால் சிக்கலாகுமோ என்று பயமாக இருக்கிறது, வேறு நல்ல இதழாகப் பார்த்து அனுப்பட்டுமா என்றாள். அவர் கோபப்படவில்லை. மிஷின் சொல்வதைக் கேட்டு ஆராய்ச்சி செய்கிற காலம் வந்துவிட்டது என்று சிரித்தார். பிறகு சொன்னதைப் பீவி அப்படியே சொன்னாள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

“ஒன் இஷ்டம்மா. எதுல வேணாலும் போடு. எம் பேரப் போட மறந்துராத.”

4

அவள் தேடிக் கண்டுபிடித்த இதழ் பழைமையானது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடலோர நாட்டிலிருந்து வருவது. ஒவ்வோர் இதழுக்கும் உலக அளவில் ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண் சரியாக இருந்தது. ஆசிரியர் குழுவில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. திரையின் மூலையில் வட்டம் பச்சையாக எரிந்தது.

கட்டுரையை அனுப்பினாள். தன் பெயர் முதலில், காளீஸ்வரன் பெயர் அடுத்து. அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு பிரதி கொடுத்தாள். மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சில வாரங்களில் இதழிலிருந்து மதிப்பீட்டாளர் கருத்துகள் வந்தன. இந்த வரைபடம் தெளிவாக இல்லை, இந்த முடிவுக்கு ஆதாரம் போதாது, இந்தப் பத்தியை முன்னால் கொண்டுவாருங்கள் என்று வரிவரியாக எழுதியிருந்தார்கள். பீவி எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினாள். பிறகு வெளியீட்டுக் கட்டணம் கேட்டார்கள். நல்ல இதழ்களும் கேட்பதுண்டு. இர்பான் அனுப்பிக்கொடுத்தான். கட்டுரை வெளிவந்தது.

அது திருடனுடைய பக்கம். பழைய இதழின் பெயர், அட்டை, அடையாள எண், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, எவனோ ஒருவன் இணையத்தில் இன்னொரு கடை போட்டிருந்தான். கருவி என்ன செய்யும்? அது எண்ணைப் பார்க்கிறது. எண் நல்ல இதழின் எண். உடனே பச்சை. கதவில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, வீட்டுக்காரர் இவர்தான் என்று சத்தியம் செய்கிற மாதிரி.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. அந்த மதிப்பீட்டுக் கருத்துகளை நான் படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தன. ஆளோ இயந்திரமோ, அந்தத் திருட்டுக் கடையில் ஏதோ ஒன்று அவள் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறது. காளீஸ்வரன் மேசைமேல் இருந்த பிரதியை அவர் படிக்கவில்லை. அது அங்கேயே கிடந்து மேலே டீக் கறை பட்டிருந்ததைப் பீவி பார்த்தாள். அப்போது அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

கட்டுரை வந்த சந்தோஷத்தில் உம்மா தொதல் கிண்டிக் கொடுத்தார். கீழக்கரையில் நல்ல சேதி என்றால் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சுண்டக் காய்ச்சிக் கிண்டிய அந்த இனிப்பு இல்லாமல் முடியாது. பீவி துறை முழுக்கக் கொடுத்தாள். காளீஸ்வரன் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். அந்த நல்ல மனநிலையில் அவர் கேட்டார், அது என்னம்மா அந்த வட்டம், எனக்கும் போட்டுக் கொடேன்.

பீவி தப்பு செய்தது இங்கேதான். ஓர் அயோக்கிய ஊரில் வளர்ந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டாள். எழுத்தறிவித்தவரிடம் நன்றி காட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். அவருடைய மடிக்கணினியை வாங்கி, கருவியைச் சேர்த்து, பக்கத்தில் நின்று, பச்சை என்றால் இது சார், சிவப்பு என்றால் இது சார் என்று சொல்லிக்கொடுத்தாள். அவருடைய இதழ்களைத் திறந்து காட்டவில்லை. மனம் நோகும் என்று தன்னுடைய கட்டுரை வந்த பக்கத்தைத்தான் திறந்து காட்டினாள். பச்சை. ரொம்ப நல்லா இருக்கே என்றார்.

(* இந்த இடத்தில் ‘அவர் கண்களில் ஏதோ மின்னியது’ என்று எழுதிவிட்டு அடித்தேன். ஒன்றும் மின்னவில்லை. தொதல் தின்று கை பிசுபிசுத்தது, கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டார்.)

5

உண்மையான இதழ்க்காரர்களுக்கு ஒருநாள் விஷயம் தெரியவந்தது. எங்கள் பெயரில் போலிப் பக்கம் ஒன்று இருக்கிறது, ஏமாறாதீர்கள் என்று அறிவித்தார்கள். கருவியை நடத்துகிறவர்கள் அந்தப் பக்கத்தைச் சிவப்பாக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெரிந்ததும் மாற்றிவிட்டார்கள்.

பீவி பார்க்கவில்லை. வெளிவந்துவிட்ட கட்டுரையைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது கதை எழுதுகிறவர்களின் வியாதி. அவள் ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரன் பார்த்தார். புதிதாக வந்த விளையாட்டுச் சாமான், அதனால் அடிக்கடி திறந்து பார்த்திருக்கிறார். பச்சையாக இருந்தது சிவப்பாகிவிட்டது என்று மாணவியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆய்வுக் குழுக் கூட்டம் நடந்தது. டி.சி. மீட்டிங் என்று சொல்வார்கள். நெறியாளர், துறைத் தலைவர், திருச்சியிலிருந்து வந்த வெளி உறுப்பினர். பீவி தன் ஆய்வை விளக்கி முடித்துவிட்டு நின்றாள். காளீஸ்வரன் மடிக்கணினியை வெளி உறுப்பினர் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வருத்தமான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். மாணவியின் கட்டுரை ஒரு போலி இதழில் வந்திருக்கிறது, அதில் தன்னைக் கேட்காமல் தன் பெயரையும் சேர்த்துவிட்டாள், இந்த நவீனக் கருவி இல்லாவிட்டால் நாம் எல்லோரும் ஏமாந்திருப்போம் என்றார். வட்டம் சிவப்பாக எரிந்தது.

அறையில் எல்லோரும் பீவியைப் பார்த்தார்கள். அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“சார், நீங்கதானே பேரப் போட மறக்காதன்னு சொன்னீங்க.”

காளீஸ்வரன் குரலை உயர்த்தவில்லை.

“கைடு பேரப் போடுறது ஒரு மரியாதைக்கும்மா. அதுக்காக எங்க போடுறேன்னு எங்கிட்டக் கேக்க வேணாமா?”

வெளி உறுப்பினர் எதையோ உணர்ந்திருக்க வேண்டும். உங்கள் கட்டுரைப் பட்டியலைப் பார்க்கலாமா என்று காளீஸ்வரனிடமே கேட்டார். கோப்பில் அச்சடித்து வைத்திருந்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினார். நிறைய எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு மூடிவைத்தார். அச்சடித்த தாளில் எந்த வட்டமும் எரிவதில்லை.

குழு ஒரு முடிவுக்கு வந்தது. கட்டுரை செல்லாது. இதழைத் தேர்ந்தெடுத்ததும் அனுப்பியதும் நெறியாளரின் பெயரைச் சேர்த்ததும் முழுக்கத் தன் செயல்தான், அவருக்கு எதுவும் தெரியாது என்று பீவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பதிவுக் காலத்தை ஒரு வருஷம் நீட்டிக்கப் பரிந்துரைப்பார்கள். கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகும். அந்த ஒரு வருஷத்தில் வேறு கட்டுரை, வேறு இதழ்.

வேறு கட்டுரைக்கு எங்கே போவது? கண்டுபிடித்தது ஒன்றுதான். திருட்டுக் கடைக்கு எழுதி, என் கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். எடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது, கட்டுரையின் உரிமை தங்களுடையது என்ற குறிப்போடு. உண்மையான இதழுக்கு எழுதினாள். அதன் ஆசிரியர் ஓர் அம்மையார், ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருந்தார். ஆனால் ஏற்கெனவே பொதுவெளியில் வந்துவிட்ட ஒன்றைப் புதியதாக எடுத்துக்கொள்ள எங்கள் விதி இடம் கொடுக்காது, மன்னியுங்கள் என்று முடித்திருந்தார். ஆக, அவள் கண்டது வெளிவந்ததும் இல்லை, வெளிவராததும் இல்லை. இனி எங்கேயும் வரவும் முடியாது.

இப்போது நான் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு இதழ்களில் அள்ளி அள்ளிப் போட்ட காளீஸ்வரன் நன்றாக இருக்கிறார். முதல்வருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. இறாலைக் குழம்பில் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய அந்த வணிகவியல் அம்மாள் இணைப் பேராசிரியர் ஆகிவிட்டார். அந்தத் துறையில் சோதித்துப் பார்த்து அனுப்பிய ஒரே ஒருத்தி மாட்டிக்கொண்டாள். சோதிக்காதவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. கதையில் இப்படி நேராகச் சொல்லக் கூடாது, காட்ட வேண்டும் என்பார்கள். யார் சொன்னார்களோ அவர்கள் இதைக் காட்டிக்கொள்ளட்டும். நான் சொல்கிறேன், எனக்கு எரிகிறது.

6

முடிவுகள்.

அ. கையெழுத்துப் போடுகிறாள். இர்பான் போனில் சொல்கிறான், ஒரு வருஷம்தானே, போட்டுத் தொலை, உனக்குத் தெரியாதா உண்மை என்னவென்று. பீவி பேனாவை எடுக்கிறாள். (இர்பான் உண்மையிலேயே இப்படிச் சொன்னான். அவனை நான் கெட்டவனாக்கவில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே ஒரு வருஷம்தான்.)

ஆ. இதை எழுதும்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது. கருத்தரங்கக் கூடம். பெரிய திரை. முதல்வர், துறைத் தலைவர், வெளி உறுப்பினர் எல்லோரும் இருக்கிறார்கள். பீவி காளீஸ்வரனின் பட்டியலைக் கையில் எடுக்கிறாள். முதல் இதழைத் திறக்கிறாள், சிவப்பு. அடுத்தது, சிவப்பு. அடுத்தது. முதல்வர் தண்ணீர் கேட்கிறார். வணிகவியல் அம்மாளின் நண்டுக் கட்டுரை வருகிறது, சிவப்பு. கூடத்தில் யாரோ சிரித்துவிடுகிறார்கள். காளீஸ்வரன் எழுந்து

இங்கே நிறுத்திவிட்டேன். அந்தப் பட்டியலை நானே என் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சில சிவப்பு. நிறைய சாம்பல். இரண்டு மூன்று இதழ்கள் வேறெங்கோ திருடிய எண்ணைப் போட்டுக்கொண்டு பச்சைப் பசேலென்று நின்றன. என் பழியை அந்தக் கருவி தீர்த்துவைக்காது. அதோடு, கூடத்தில் நின்று ஒருவரை மூக்கறுப்பது நான் செய்கிற காரியம், பீவி செய்வதில்லை.

இ. ஆய்வை விட்டுவிட்டு ஊரிலுள்ள பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்கிறாள். மாலையில் அவள் கடலைப் பார்த்தபடி…

வேண்டாம். கடலைப் பார்த்தபடி முடியும் கதைகளை எழுதினவர்களையெல்லாம் ஒருநாள் முழுக்க அதில் இறக்கிவிட வேண்டும்.

7

இதுவரைக்கும் எழுதியதை அச்செடுத்துப் பீவியிடம் கொடுத்தேன். பிற்பகல் அஸர் தொழுகை முடித்துவிட்டுப் பஸ் ஏறி வந்திருந்தாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படித்தாள். கல்யாணப் பத்திரிகை வந்த இடத்தில் சிரித்தாள். மற்றபடி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடித்ததும் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் பாராட்டை எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை.

“எல்லாம் நடந்தபடிதான் இருக்குக்கா. சார் சொன்னது இருக்கு, தொதல் கூட இருக்கு. நான் என்ன கண்டேன்னு எங்கன இருக்கு?”

தாள்களை வாங்கிப் புரட்டினேன். கடற்புல்லைப் பற்றிய ஆய்வு என்று ஓர் இடத்தில் இருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்தாள் என்று ஓர் இடத்தில் இருந்தது. அவ்வளவுதான். வாசகர்களுக்கு அதெல்லாம் சுவைக்குமோ சுவைக்காதோ என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, சோர்ந்துபோன குரல்.

“சார் படிக்கல. நீங்க கேக்கல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்காகத்தானே இத்தனை பக்கம் கத்தியிருக்கிறேன் என்று தோன்றியது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. காளீஸ்வரன்மேல் வைத்துப் பார்த்தேன், அங்கே நிற்கவில்லை. போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

கையெழுத்துப் போடப்போகிறாயா என்று கேட்டேன். குழு மறுபடி கூடும் நாள் நெருங்கிவிட்டது.

“அத நீங்க எழுதாதீங்க. எழுதிட்டீங்கன்னா அப்புறம் நான் அதுபடி நடக்கணும், இல்லாட்டி அதுக்கு மாத்தி நடக்கணும். நான் கண்டத எழுதுங்க. கதைல வந்தா யாரும் செல்லாதுன்னு சொல்ல ஏலாதுல்ல?”

ஆகவே வாசகரே, அவள் கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்ற முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்களோ அதை எழுதி முடித்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் ஆ-வை எடுத்துக்கொள்ளுங்கள், நானும் இரண்டு மூன்று தடவை எடுத்துப் படித்தேன். ஆனால் கீழே வருவதில் கைவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் ஓரிடத்தில் ‘கடலடியின் காயங்கள்’ என்று சேர்த்திருந்தேன். காயம் இல்லை, தடம் என்று போடுங்கள் என்று அடித்துவிட்டாள்.

கீழக்கரைக்கு அப்பால் ஆழம் குறைந்த கடலில், படகின் நங்கூரம் இழுபட்டுக் கடற்புல் பெயர்ந்துபோன தடங்கள் இருக்கின்றன. தடத்தின் அகலம் ஒரு முழத்துக்குள் இருந்தால் இரண்டு ஓரங்களிலிருந்தும் வேர் ஓடிவந்து, புல் மறுபடி மூடிக்கொள்கிறது. அதைவிட அகலமான தடம் மூடுவதில்லை. நீரோட்டம் நடுவில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போவதால், ஒவ்வொரு வருஷமும் இன்னும் அகலமாகிறது. ஆகவே படகுகளை அங்கிருந்து விரட்ட வேண்டியதில்லை. ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நங்கூரம் இழுபட்டு, தடம் ஒரு முழத்தைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைக் கண்டவர் ரம்ஜான் பீவி. உடன் எழுதியவர் என்று யாரும் இல்லை.